சீக்கிரம் படுக்காதீர்கள்

"சீக்கிரம் போய்ப் படு, எல்லாம் சரியாயிடும்." தூக்கம் வரவில்லை என்று யார் புலம்பினாலும் நம் வீடுகளில் கிடைக்கும் முதல் பதில் இதுதான். அம்மா சொல்வார், பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார். வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வரும் ரோஜாப்பூ படமும் இதையே சொல்லும். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் இந்த ஒரு வாக்கியம் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான்கு நாள் தூக்கம் கெட்டவரை நாற்பது வாரம் தூக்கம் கெட்டவராக ஆக்க வேண்டுமென்றால், இதைவிடப் பொருத்தமான யோசனை கிடைப்பது கஷ்டம்.

கணக்குக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நாற்பது வயது, வங்கி வேலை. வழக்கமாகப் பதினொன்றரை, பன்னிரண்டுக்குத் தூங்கி ஆறு, ஆறரைக்கு எழுகிறவர். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் பத்து நாள் தூக்கம் குலைந்தது. ஏப்ரலில் வேலை இறங்கிவிட்டது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. விட்டதைப் பிடிக்க ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துப் படுக்கிறார். பக்கத்து வீட்டு சீரியல் சத்தம் கேட்கிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' போடுவது இன்றுதான் காதில் விழுகிறது. தலையணையைத் திருப்பிப் போடுகிறார். போனை எடுத்தால் மணி பத்தேகால். 'இப்ப தூங்கினாலும் எட்டேகால் மணி நேரம் கிடைக்கும்.' அடுத்து பார்க்கும்போது பதினொன்று. 'ஏழரை மணி நேரம்.' இப்படிக் கழித்துக்கொண்டே போய், பதினொன்றே முக்காலுக்குச் சற்று முன் எப்படியோ கண் அசருகிறது. இரண்டே முக்காலுக்கு விழிப்பு. மறுநாள் இன்னும் சோர்வு, அதனால் இன்னும் சீக்கிரம் படுக்கை. மூன்றாவது வாரத்தில், படுக்கையறையைப் பார்த்தாலே நெஞ்சு லேசாகப் படபடக்கத் தொடங்குகிறது.

இவர் செய்தது சோம்பேறித்தனம் அல்ல. உடல் எப்படித் தூங்குகிறது என்ற கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

கடனும் கடிகாரமும்

சூரிச்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த ஒரு மாதிரியைத்தான் தூக்க ஆய்வு இன்றும் அடித்தளமாக வைத்திருக்கிறது. தூக்கத்தை இரண்டு விசைகள் ஆளுகின்றன. முதலாவது, விழித்திருக்கும் நேரத்துக்கு ஏற்பச் சேரும் அழுத்தம். மூளை ஆற்றலைச் செலவழிக்கும்போது அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. எழுந்த நிமிடத்திலிருந்து அது ஏறிக்கொண்டே போகும், தூங்கும்போதுதான் இறங்கும். இதைக் கடன் என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் அரை மணி கண்ணயர்ந்தாலும் கடனில் ஒரு பகுதி கழிந்துவிடும். காபியில் உள்ள கஃபீன் இந்தக் கடனை அடைப்பதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, கடன் இருப்பதே தெரியாதபடி மறைக்கிறது. அது எழுந்து போனதும் கடன் அப்படியே நிற்கும்.

இரண்டாவது விசை கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து. நாம் எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்ற கவலை அதற்கு இல்லை, அது தன்பாட்டுக்கு ஓடும். ஓட்டம் உள்ளிருந்தே வருகிறது என்பதற்கு முதல் தடயம் கிடைத்தது 1729இல், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியில். பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான் அதை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின.

இந்தத் துறையின் முக்கியமான வேலைகளில் சில நம் மதுரையில் நடந்திருக்கின்றன என்பது இங்கே பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனின் குழு, கடிகாரமும் வெளிச்சமும் வெளியுலகச் சேதியும் எட்டாத ஒரு தனியிடம் கட்டி, அதில் மனிதர்களை நாள்கணக்கில் தங்கவைத்து அவர்களுடைய தூக்கத்தையும் விழிப்பையும் பதிவு செய்தது. எனக்கு இன்னும் பிடித்தது அவர்களுடைய வௌவால் ஆய்வு. மதுரைப் பக்கத்துக் குகை ஒன்றில், இருட்டில், ஓர் இலைமூக்கு வௌவாலைத் தனிக்கூண்டில் வைத்தார்கள். அதற்கு அந்தியும் தெரியாது, விடியலும் தெரியாது. ஆனால் சுற்றிலும் சுதந்திரமாக வாழும் கூட்டம் சாயங்காலம் வெளியே பறந்து விடியலில் திரும்பியவரை, கூண்டிலிருந்த வௌவாலின் கடிகாரமும் பிசகாமல் 24 மணிக்கு ஓடியது. கூட்டம் இல்லாதபோது அது தன் சொந்தக் கணக்குக்கு நழுவிவிட்டது. 1981இல் வெளியான முடிவு இது. நாம் வௌவால் இல்லை, நம் கடிகாரத்துக்கு வெளிச்சம்தான் தலைமை எசமான். இருந்தாலும் பால்காரர் மணியும் குக்கர் விசிலும் பள்ளி வேனும் இல்லாத வீட்டில் தனியாக இருந்து வேலை பார்ப்பவர்களின் தூக்கம் ஏன் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கூண்டு நினைவுக்கு வரும்.

பின்னுக்குத்தான் போகும், பெரும்பாலோருக்கு. ஹார்வர்டில் சார்லஸ் செய்ஸ்லர் குழு 1999இல் அளந்தபோது, மனிதக் கடிகாரத்தின் சொந்தச் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. அதாவது தினமும் சில நிமிடம் மெதுவாக ஓடும் கடிகாரம். ஒவ்வொரு காலையும் அதை யாராவது கொஞ்சம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவது எளிதாக இருப்பதும், அன்றிரவு பத்துக்குத் தூங்குவது முடியாமல் போவதும் இதனால்தான்.

எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்ததாக இருக்கலாம். எல்லாவற்றையும் புரட்டிப்போடும் இடம் இனிமேல்தான்.

ஒரு சின்னச் சந்தேகம். காலை ஆறு மணியிலிருந்து கடன் ஏறிக்கொண்டே வருகிறது என்றால், மதியம் மூன்று மணியை விட இரவு எட்டு மணிக்குத் தூக்கம் அதிகமாக வர வேண்டும். வருகிறதா? மதியம் சாப்பிட்டபின் நாற்காலியிலேயே சொக்கிய மனிதர், இரவு எட்டுக்குத் தெளிவாக அரசியல் பேசிக்கொண்டிருக்கிறார். எப்படி?

இஸ்ரேலின் ஹைஃபாவில் பெரெட்ஸ் லாவி இதைச் சோதித்தார், 1986இல் வெளியிட்டார். முறை கொஞ்சம் குரூரமானது. ஆட்களுக்கு 20 நிமிடச் சுற்று. அதில் 7 நிமிடம் படுத்துத் தூங்க முயல வேண்டும், 13 நிமிடம் எழுந்திருக்க வேண்டும். இப்படியே ஒரு முழு நாள். ஒவ்வொரு 7 நிமிடத்திலும் எவ்வளவு தூங்கினார்கள் என்று மூளை அலைப் பதிவில் பார்த்தார்கள். நள்ளிரவை ஒட்டியும் அதன் பிறகும் தூக்கம் கொட்டியது. மதியத்தில் ஒரு சிறு மேடு. ஆனால் இரவு ஏறத்தாழ எட்டு முதல் பத்து வரை, நாளிலேயே தூக்கம் மிகக் குறைவாக வந்த நேரம். முந்தின இரவு தூங்கவே விடாமல் வைத்திருந்தவர்களுக்கும் அந்தப் பள்ளம் இருந்தது. லாவி அதற்கு வைத்த பெயர் 'தூக்கத்துக்குத் தடைசெய்யப்பட்ட மண்டலம்'. அதை அடுத்து சட்டென்று திறப்பதை 'வாசல்' என்றார்.

காரணம் இதுதான். கடன் ஏற ஏற, கடிகாரம் அதற்கு எதிராக விழிப்பைத் தள்ளிக்கொண்டே வருகிறது. இல்லாவிட்டால் நாம் பகல் முழுவதும் படிப்படியாக மங்கி ஆறு மணிக்கே சாய்ந்துவிடுவோம். அந்த எதிர்த் தள்ளு உச்சத்தைத் தொடுவது, நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில். பிறகு மெலடோனின் என்ற இரவு ஹார்மோன் சுரக்கத் தொடங்கும், தள்ளு விலகும், அதுவரை முட்டிக்கொண்டிருந்த கடன் மொத்தமும் ஒரேயடியாக அழுத்தும். வாசல் திறந்தது என்பது அதைத்தான்.

இப்போது ஒன்பதரைக்குப் படுத்த வங்கிக்காரரைப் பாருங்கள். அவருடைய வாசல் பதினொன்றரையை ஒட்டித் திறப்பது. அவர் படுத்தது தடை மண்டலத்தின் நட்ட நடுவில். கடை திறக்க இரண்டு மணி நேரம் முன்பே போய் ஷட்டரைத் தட்டிவிட்டு, 'எனக்கு மட்டும் திறக்க மாட்டேங்கிறான்' என்று நொந்துகொள்வது போன்றது அது. வாசல் நேரம் ஆளுக்கு ஆள் மாறும், எட்டு–பத்து என்பது எல்லோருக்கும் பொதுவான கல்வெட்டு இல்லை. பன்னிரண்டுக்குத் தூங்குகிறவருக்கு அந்த மண்டலம் ஒன்பதரை, பத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

பருவ வயதில் இந்த வாசல் இன்னும் தள்ளிப்போகிறது. இருபது வயதுவாக்கில்தான் மனிதன் வாழ்விலேயே அதிகத் தாமதக்காரன். பிளஸ் டூ பிள்ளையை ஒன்பதுக்குப் படுக்கச் சொல்லி நாலரைக்கு எழுப்பிப் படிக்க உட்காரவைப்பது நம் ஊரில் ஒரு கௌரவம். பிள்ளை ஒன்பதுக்குத் தூங்குவதில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பதினொன்று வரை கிடக்கிறது. நாலரைக்கு எழுப்பும்போது போவது, கனவு நிறைந்த கடைசிப் பகுதித் தூக்கம். புத்தகத்தின் முன்னால் தலை ஆடுவதைப் பார்த்துச் சோம்பேறி என்கிறோம்.

படுக்கை கற்றுக்கொள்ளும் பாடம்

இரண்டு மணி நேரம் வீணானால் போகட்டும் என்று விட முடியாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மூளை இடத்தையும் நிலையையும் சேர்த்துக் கட்டிவைக்கும். கோயில் மணிச் சத்தத்துக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்வது போல. தினமும் படுக்கையில் இரண்டு மணி நேரம் கவலையோடு விழித்துக் கிடந்தால், படுக்கை என்றால் விழிப்பு என்று உடல் பாடம் படித்துவிடும். இது நடந்துவிட்டதா என்று அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. கூடத்துச் சோபாவில் டிவி பார்த்தபடி தலை தொங்குகிறது. 'தூக்கம் வந்துடுச்சு' என்று எழுந்துபோய்ப் படுத்தால், விளக்கை அணைத்த கணத்தில் கண் விரிந்துகொள்கிறது. உறவுக்காரர் வீட்டிலோ ரயில் பெர்த்திலோ நன்றாகத் தூங்குகிறவர், சொந்தக் கட்டிலில் புரள்கிறார். இந்த அடையாளம் இருந்தால் மெத்தை மாற்றிப் பயனில்லை.

இந்தக் கட்டை அவிழ்க்க அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972இல் வகுத்த விதிகள் பழையவை, ஆனால் இன்னும் அதற்கு இணையாக வேறு எதுவும் வரவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டுமே படுக்கைக்குப் போவது. களைப்பு வேறு, தூக்கம் வேறு. களைப்பு உடம்பு வலிப்பது, தூக்கம் என்பது படிக்கும் வரி இரண்டாக நகர்வது, இமை தானாக இறங்குவது. படுத்து உத்தேசமாகக் கால் மணி, இருபது நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். உத்தேசம் என்றால் உத்தேசமேதான், கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் எண்ணுகிறவர் அந்த இருபது நிமிடமும் விழித்துத்தான் இருப்பார். படுக்கையில் போன், கணக்கு, சாப்பாடு, சண்டை எதுவும் கூடாது. தாம்பத்தியம் ஒன்றுக்கே விலக்கு. பகலில் தூங்கக் கூடாது. இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும்.

எழுந்துபோய் என்ன செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூடத்தில் ட்யூப்லைட்டைப் போட்டு, ஒரு எபிசோட் பார்த்துவிட்டு வந்தால், அது எழுந்ததற்குப் பரிசாகிவிடும். நாளை அதே நேரத்துக்கு உடல் தானாக எழுப்பும். மங்கலான ஒரு விளக்கு, கைக்கு மட்டும் வேலை. துவைத்த துணியை மடிக்கலாம், நாளைக்கான பூண்டு உரிக்கலாம், ஏற்கெனவே படித்த பழைய வார இதழைப் புரட்டலாம். இமை இறங்கினால் திரும்பப் போய்ப் படுக்கலாம், மறுபடி வரவில்லையென்றால் மறுபடி எழ வேண்டும். முதல் இரவில் இப்படி ஐந்தாறு முறை நடப்பது சாதாரணம். எல்லோரும் ஒரே கூடத்தில் படுக்கும் வீட்டில் எங்கே போவது என்று கேட்கலாம். அடுக்களையில் ஒரு நாற்காலி போதும். பாயில் படுப்பவர்களுக்குக் கட்டில்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி வேறு இருக்கிறது. பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் படுக்கையே அங்கே இல்லை.

நோட்டும் கழித்தலும்

பூட்ஸினின் விதிகள் பாதி. மறுபாதி, தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன் குழு 1987இல் வெளியிட்ட முறை. கேட்டதும் யாருக்கும் கோபம் வரும், ஏனென்றால் தூக்கம் போதாதவரிடம் படுக்கை நேரத்தைக் குறைக்கச் சொல்கிறது.

முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டு. காலையில் எழுந்தபின் ஒரு வரி. படுத்தது எப்போது, தூங்கியது எப்போது என்று நினைக்கிறீர்கள், நடுவில் விழித்திருந்தது மொத்தம் எவ்வளவு, கடைசியாக விழித்தது எப்போது, படுக்கையை விட்டு எழுந்தது எப்போது. இரவில் எழுதக் கூடாது. எல்லாம் தோராயம் போதும். கைக்கடிகாரம் காட்டும் தூக்க மதிப்பெண்ணை இதில் கலக்க வேண்டாம். அந்தக் கருவிகள் மொத்த நேரத்தை ஓரளவு ஊகிக்கும், ஆழ்தூக்கம் இத்தனை நிமிடம் என்று பிரித்துக் காட்டுவதை நம்பிக் கவலைப்பட்டால் அந்தக் கவலையே புது நோய்.

நம் வங்கிக்காரரின் நோட்டில் சராசரி இப்படி வருகிறது என்று வையுங்கள். 9:30க்குப் படுக்கை, 11:40க்குத் தூக்கம், நடுவில் 50 நிமிட விழிப்பு, 6:00க்கு விழித்து 6:30 வரை புரளல். படுக்கையில் இருந்தது 9 மணி நேரம், அதாவது 540 நிமிடம். அதில் தொடக்கத்தில் 130, நடுவில் 50, கடைசியில் 30 கழித்தால், தூங்கியது 330 நிமிடம். 330ஐ 540ஆல் வகுத்தால் 61 சதவீதம். நல்ல தூக்கக்காரருக்கு இது 85க்கு மேல் இருக்கும்.

அவர் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்பதால், படுக்கையும் ஐந்தரை மணி நேரம்தான். எழும் நேரத்தை முதலில் ஆணியடிக்க வேண்டும். 6:00. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் படுக்கும் நேரம் இரவு 12:30. கணக்கு எப்படி வந்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. முதல் வாரம் கடினமாகவே இருக்கும். பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை கண்ணைத் திறந்துவைப்பதுதான் அந்த வாரத்தின் வேலை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார் என்றால் நின்றுகொண்டு ஏதாவது செய்யட்டும். ஆனால் கடன் நிறைய ஏறி, வாசலும் நன்றாகத் திறந்த பிறகு படுப்பதால், தலையணையில் தலை பட்டதும் இழுத்துக்கொண்டு போகும். பல மாதமாக நடக்காத அந்த ஒன்று மூன்று நான்கு இரவு தொடர்ந்து நடந்தால், படுக்கை படித்துவைத்த பழைய பாடம் அழியத் தொடங்கும்.

வாரம் ஒருமுறை வகுத்தல். 85க்கு மேல் வந்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவரலாம். 80க்கும் 85க்கும் நடுவில் என்றால் அப்படியே விட வேண்டும். 80க்குக் கீழ் என்றால் 15 நிமிடம் குறைப்பு. சேர்க்கும் 15 நிமிடம் எப்போதும் இரவுப் பக்கம்தான், காலை 6:00 அசையாது. பெரும்பாலானோர் தோற்பது இரண்டாவது வார ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிவரை தூங்கும்போது. அன்று இரவு 12:30 வரும்போது கடன் இரண்டு மணி நேரம் குறைவாக இருக்கும். திங்கட்கிழமை பிழைக்காது.

இவற்றோடு தூக்கம் பற்றிய பயத்தைப் பேசிக் களைவதும் சேர்ந்த சிகிச்சையைத்தான், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் முதலில் கொடுக்கச் சொல்லி அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. நம் ஊரில் முதலில் வருவது அல்பிரசோலம் மாத்திரைச் சீட்டு.

ஆறு மணி வெளிச்சம்

கண்ணில் பார்வைக்கு வேலை செய்யாத ஒருவகை அணுக்கள் உண்டு. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு விழிப்பது. அவை நேராகக் கடிகாரத்துக்குச் சேதி அனுப்பும். உடல் வெப்பம் மிகக் கீழே இறங்கும் புள்ளி வழக்கமான விழிப்புக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னால். அதற்குப் பிறகு வரும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் தள்ளும், அதற்கு முன் வரும் வெளிச்சம் பின்னால் இழுக்கும். ஆகவே விழித்ததும் கிடைக்கும் வெளிச்சம் அன்றிரவுத் தூக்கத்துக்கான முன்பணம்.

அளவைப் பாருங்கள். ட்யூப்லைட் போட்ட அறையில் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான காலையிலும் திறந்தவெளியில் சில ஆயிரங்கள், வெயில் ஏறிவிட்டால் 10,000க்கு மேல். ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடிப்பது, வாசலில் நின்று குடிப்பதற்கு ஈடாகாது. 20 முதல் 30 நிமிடம், கூலிங்கிளாஸ் இல்லாமல், சூரியனை நேராகப் பார்க்காமல். சென்னையில் ஆண்டு முழுவதும் சூரியன் எழுவது ஏறத்தாழ 5:40க்கும் 6:35க்கும் நடுவில்தான். குளிர்காலத்தில் ஒன்பது மணிக்கு விடியும் நாட்டுக்காரர்கள் காசு கொடுத்து ஒளிப்பெட்டி வாங்குகிறார்கள். நாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனைப் பார்க்கிறோம்.

போனின் நீல ஒளி பற்றிய பயம் கொஞ்சம் மிகை என்பது என் கருத்து. 2015இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களை விடத் தூக்கம் பிடிக்க ஆன கூடுதல் நேரம் சுமார் 10 நிமிடம். போன் தூக்கத்தைத் தின்பது வெளிச்சத்தால் அல்ல, 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்பதால்.

சில்லறைக் கணக்குகள்

காபி. கஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம். மாலை ஐந்துக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால், பத்துக்கு 50, அதிகாலை மூன்றுக்கு 25 இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் மெதுவாக இறங்கும். 'நான் காபி குடிச்சுட்டே தூங்குவேன்' என்பவர் தூங்குவார்தான், ஆனால் ஆழம் குறைந்திருப்பது அவருக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய டம்ளரே கடைசியாக இருக்கட்டும்.

வெப்பம். தூங்கப் போகும்போது உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும், அது கை கால் தோல் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் படுக்கும் நேரத்தில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதை விட, ஒன்று இரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது பலன் தருகிறது. தோலுக்கு ரத்தம் பாய்ந்து, உள்சூடு கழன்றுகொள்ளும். மே மாதத்தில் மேல்மாடிக் குடியிருப்பு என்றால் எதிரி மொட்டை மாடித் தளம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது நள்ளிரவு நெருங்கும்வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஏசி இருந்தால் 24 முதல் 26 டிகிரி போதும்.

மூன்று மணி விழிப்பு. தூக்கம் தொண்ணூறு நிமிடத்தை ஒட்டிய சுற்றுகளாக வருகிறது, ஆழமானவை முதல் இரண்டு சுற்றில் முடிந்துவிடும். அதன் பின் கடனில் பெரும்பகுதி அடைந்து, தூக்கம் மெலிந்து, கனவு மிகும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் எல்லோரும் ஒரு கணம் விழிக்கிறார்கள், காலையில் நினைவிருப்பதில்லை. நினைவிருக்கும்படி செய்வது மணி பார்ப்பது. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பது செலவில்லாத வைத்தியம். மது தூங்கவைப்பது போலத் தோன்றும், பின்னிரவில் அது கழியும்போது இந்த விழிப்புகளைப் பெருக்கும்.

இது பொருந்தாதவர்கள்

பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி, சிக்னலில் பைக் நிற்கும்போதே கண் சொக்குதல். இவை இருந்தால் நோட்டும் கழித்தலும் வேண்டாம், மூச்சுத்தடைக்கான ஸ்லீப் ஸ்டடி வேண்டும். படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போலவும், ஆட்டினால்தான் அடங்குவது போலவும் இருந்தால் உடலின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள். இரும்புச் சத்துக் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். வலிப்பு நோயும் இருமுனை மனநிலைக் கோளாறும் உள்ளவர்கள் படுக்கை நேரத்தைக் குறைப்பது ஆபத்து, தூக்கக் குறைவே வலிப்பையும் மிகையெழுச்சியையும் தூண்டும். லாரி, பஸ் ஓட்டுபவர்களும் இயந்திரத்தில் நிற்பவர்களும் மருத்துவர் துணையில்லாமல் தொடங்கக் கூடாது. நெடுநாள் தூக்க மாத்திரை எடுப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இரவுப் பணிக்காரர்களின் கணக்கு முற்றிலும் வேறு, அதை இதில் நுழைத்தால் இரண்டும் கெடும்.

வங்கிக்காரருக்கு வருவோம். முதல் வாரம் 12:30க்குப் படுத்து 290 நிமிடம் தூங்கினார் என்றால் 88 சதவீதம். அடுத்த வாரம் 12:15. இப்படிக் கால் மணியாக முன்னேறினால் ஏழாவது வாரத்தில் 11:00. எட்டாவது வாரம் 10:45க்கு முயன்று பார்க்கிறார், 79க்கு விழுகிறது. திரும்ப 11:00. இப்போது படுக்கையில் 7 மணி நேரம், அதில் தூக்கம் 6 மணி 5 நிமிடம். மாதக்கணக்கில் பாடுபட்டுக் கூடியது வெறும் 35 நிமிடமா என்று கேட்பார். விழித்துக் கிடந்த நேரத்தை நோட்டில் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்றரை மணி நேரமாக இருந்தது, இப்போது 55 நிமிடம்.